சும்மாடு வைத்த பெட்டி

போன மாதம் நம்முடைய பழைய மாணவிகள் குழுவில் ஒருத்தி ஒரு கேள்வி போட்டாள். "நாட்டாமை எண்டா ஊருக்குத் தலைவர்தானே? எங்கட திருகோணமலையில ஏன் மூட்டை காவுறவைக்கு அந்தப் பேர்?" அவ்வளவுதான். ரொறொன்ரோவில் இருப்பவள் ஒரு விளக்கம் சொன்னாள், லண்டனில் இருப்பவள் அதை மறுத்தாள், உப்புவெளியில் ஓய்வூதியத்தோடு இருக்கிற எங்கள் பாடசாலையின் முன்னாள் அதிபர் அம்மா நான்கு பத்தியில் பாடம் நடத்தினார். ஒருத்தி அகராதியைப் படம் பிடித்துப் போட்டாள், அதுவும் தலைகீழாக. இரண்டு நாளாக என் போன் மேசையில் துள்ளிக்கொண்டே இருந்தது. நான் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. "உன்ர அப்பாவும் அந்த வேலைதானே செய்தவர், நீ ஏன் வாயைத் திறக்கேல்ல?" என்று ஒருத்தி தனியாகக் கேட்டிருந்தாள்.

அவளுக்கும் உங்கள் எல்லாருக்கும் பதில்தான் இது. போனில் தட்டிக்கொண்டிருக்க என் விரல் மூட்டுகள் இடம் தராது. கொப்பியில் எழுதுகிறேன், மருமகள் தட்டித் தருவாள். எழுதத் தொடங்கி இன்னும் ஒரு பக்கம் முடியவில்லை, அதற்குள் மூன்று தரம் எழும்பிப் போய் கேற் பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன். இத்தனைக்கும் பட்டப்பகல். இந்தக் கதையை நினைத்தால் எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது.

சொல்லைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதிபர் அம்மா விடமாட்டார். எனக்குத் தெரிந்த விளக்கம் இரண்டு. இரண்டுமே துறையடியில் கேட்டவை. அப்பாவின் விளக்கம் சின்னது. "நாட்டை ஆளுறவன் நாட்டாமை. இந்த நாட்டில உள்ள மா, சீனி, அரிசி, எல்லாம் என்ர தலையில ஏறி இறங்கித்தான் சனத்திட்டப் போகுது. அப்ப ஆர் ஆளுறது, சொல்லு பாப்பம்?" என்பார்.

கிண்ணியா மாமா இதைக் கேட்டு அவ்வளவு சிரிப்பார். அவர் அப்பாவோடு சோடி சேர்ந்து மூட்டை காவியவர், கிண்ணியா முஸ்லிம். அப்பா அவரை அண்ணன் முறையில் "நானா" என்பார், நான் "மாமா" என்பேன். அவருடைய விளக்கம் வேறு. "வெள்ளக்காரன்ட காலத்துல கப்பல் சாமான் இறக்க இந்தியாவில இருந்து ஆக்கள் வந்தாங்க. அவங்களுக்கு ஒரு தலைவர். மூட்ட ஒண்டு கொறஞ்சாலும், ஆள் ஒண்டு ஓடினாலும் வெள்ளக்காரன் அவருட்டத்தான் கேப்பான். அவருக்குத்தான் நாட்டாம எண்டு பேர். பொறகு தலைவர் இல்லாமப் போயிட்டார். பேர் மட்டும் மூட்டைக்குக் கீழ நிண்ட ஆக்களுக்கு வந்திட்டு."

எது சரி என்று எனக்குத் தெரியாது. கொழும்புப் புறக்கோட்டைச் சந்தையிலும் இதே பேர்தான். சிங்களவர்களும் கொஞ்சம் மாற்றி இதையே சொல்கிறார்கள். அம்மாவுக்கோ அந்தச் சொல்லே பிடிக்காது. பாடசாலைப் படிவத்தில் 'துறைமுக ஊழியர்' என்றுதான் எழுத வைத்தார். அப்பா துறைமுகத்து ஊழியரே இல்லை, மூதூருக்குப் போகிற லாஞ்சுப் படகு கட்டுகிற துறையடியில் கூலிக்கு நின்றவர். அவருக்குக் கோபம் வந்தது அந்தப் பொய்யில் இல்லை. யாராவது அவரை 'மூட்டை தூக்கிறவர்' என்று சொன்னால்தான் முகம் சிவக்கும். "தூக்கிறது வேற, காவுறது வேற, பிள்ளை. தூக்கிறவன் அதிலயே திருப்பி வைச்சிட்டுப் போகலாம். காவுறவன் கொண்டுபோய்ச் சேர்க்கவேணும்."

இனி அந்தக் காலத்துக்கு வருகிறேன். எனக்குப் பத்து வயது. நாங்கள் அன்புவழிபுரத்தில் இருந்தோம். கச்சான் காற்று ஒரே மூச்சாக அடித்து, கிணற்றடி வாழைகளைக் கந்தல் கந்தலாகக் கிழித்துக்கொண்டிருந்த விடுமுறை. சண்டைக் காலம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எந்தத் தெரு எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதைக் காலையில் எழும்பித்தான் தெரிந்துகொள்வோம். மூதூர்ப் பக்கம் போகிற சனம் முழுக்க லாஞ்சை நம்பியிருந்தது. துறையடியில் டீசல் மணமும் கருவாட்டு மணமும் நனைந்த கயிற்றின் மணமும் ஒன்றாகக் கலந்து கிடக்கும். இன்றைக்கும் எங்காவது டீசல் மணந்தால் எனக்குப் பசிக்கும். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன பழக்கம்.

லாஞ்சில் ஏறுமுன் சோதனை. எந்தச் சீருடை என்றெல்லாம் எழுதப்போவதில்லை, அந்த வயதில் எனக்கு எல்லாம் ஒரே சப்பாத்துச் சத்தம்தான். ஆட்கள் ஒரு வரிசை, சாமான் இன்னொரு வரிசை. சாமானுக்குப் பின்னால் நிற்பவர் அதன் சொந்தக்காரர் இல்லை, அதைக் காவி வந்த நாட்டாமைதான். அவர்தான் கயிற்றை அவிழ்ப்பார், திறந்து காட்டுவார், கேட்ட கேள்விக்குப் பதிலும் சொல்வார். அக்கரைக்குக் கொண்டுபோகக் கூடாத சாமான்களின் பட்டியல் ஒன்று பலகையில் ஒட்டியிருக்கும். பற்றரி, மெழுகுதிரி, உரம் என்று அது நீண்டுகொண்டே போகும். அதை அடிக்கடி மாற்றுவார்கள்.

துறையடி நாட்டாமைகளுக்கு எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. சும்மாடு உங்களுக்குத் தெரியும், தலையில் சுமை உறுத்தாமல் இருக்க வைக்கிற துணி வளையம். ஒரு சாமானின் மேல் ஒருவர் தன் சும்மாட்டை வைத்துவிட்டால் அது அவர் காவுகிற சாமான். வேறு யாரும் கை வைக்கமாட்டார்கள். வைத்தவரும் பிறகு மாட்டேன் என்று அதை எடுக்க முடியாது. ஒருவர் தெரியாமல் ஒரு இரும்புப் பெட்டியில் வைத்துவிட்டு, தனியே அதைக் காவி, லாஞ்சடியில் வாந்தி எடுத்ததை நானே கண்டிருக்கிறேன். பக்கத்தில் எட்டுப் பேர் நின்றார்கள், ஒருவரும் கை கொடுக்கவில்லை. கொடுத்தால் அவருக்கு அவமானம் என்று நினைத்தார்கள்.

அம்மா தன் பச்சைச் சேலை ஒன்றைக் கிழித்து இரண்டு சும்மாடு தைத்துக் கொடுத்திருந்தார், அப்பாவுக்கு ஒன்று, கிண்ணியா மாமாவுக்கு ஒன்று. மிஞ்சிய துண்டை நான் எடுத்து, முறுக்கி, முடிச்சுப் போட்டு எனக்கும் ஒன்று செய்துகொண்டேன். அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்தால் முதுகு பழுத்திருக்கும். ஒழுங்கை திரும்பியதும் சும்மாட்டைத் தலையில் வைத்து, அதன்மேல் அப்பாவின் சாப்பாட்டுப் பார்சலை வைத்து, கையை விட்டுவிட்டு நடப்பேன். சிரிக்காதீர்கள், எனக்கு அதுதான் அந்த விடுமுறையின் பெரிய பெருமை. கிண்ணியா மாமா தூரத்தில் கண்டாலே "மூணாவது நாட்டாம வந்திட்டா, வழி விடுங்க!" என்று கத்துவார். திரும்பி வரும்போது சும்மாட்டை சட்டைக்குள் ஒளித்துவிடுவேன்.

அன்று வெள்ளிக்கிழமை. மாமா பள்ளிக்கு ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தார். வெள்ளிக்கிழமை மதியங்களில் அப்பா புதிய சாமான் எதையும் பிடிக்கமாட்டார். சோடி இல்லாமல் பிடிப்பது நானாவின் பங்கைப் பறிப்பது மாதிரி என்பார். எனக்கு அது பிடிக்காது. மற்ற நாட்டாமைகள் ஓடி ஓடிச் சாமான் பிடிக்கும்போது என் அப்பா மட்டும் தேநீர்க்கடையில் பிளேன்ரீயோடு நிற்பதைப் பார்க்க எனக்கு எரிச்சலாக வரும். பார்சலை வழக்கமான ஆணியில் கொளுவிவிட்டுத் திரும்பினேன். அப்போதுதான் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் சைக்கிளில் வந்து, கயிறு சுற்றிய பால்மாப் பெட்டி ஒன்றை இறக்கி வைத்தார். பெரிய பெட்டி. மற்றச் சோடி ஒன்று முதுகைக் காட்டிக்கொண்டு வேறொரு மூட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவர்கள் திரும்பிவிடுவார்கள்.

ஓடிப்போய் என் சும்மாட்டை அந்தப் பெட்டியில் வைத்தேன்.

வெள்ளைச் சட்டைக்காரர் குனிந்து என்னைப் பார்த்தார். "ஆர் காவுறது? அப்பாவோ?"

"ஓம். இப்ப வந்திடுவார்."

"கெட்டிக்காரப் பிள்ளை" என்று சொல்லிவிட்டு அவர் ஆட்கள் வரிசைப் பக்கம் போனார். அப்பாவிடம் நான் சொல்லவில்லை. ஆச்சரியமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் துள்ளிக்கொண்டே வந்தேன்.

அம்மா பின்னேரத் தேநீருக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தபோது துறையடியிலிருந்து ஒரு நாட்டாமை ஓடி வந்தார். பால்மா ரின்களுக்கு அடியில் முழுக்க ரோச் லைற் பற்றரியாம். ஆட்கள் வரிசையில் தேடினால் சாமான்காரரைக் காணவில்லை. அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

"சும்மாடு ஆரின்ர எண்டு கேட்டாங்கள், அக்கா. அண்ணன் 'என்ரதான், நான்தான் வைச்சனான்' எண்டு சொல்லிப்போட்டார். பொய், அக்கா. அவர் எங்களோட தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு நிண்டவர். போய்ப் பாக்கேக்க பெட்டியில சும்மாடு இருந்தது, காவிக்கொண்டு வந்தார். அவரின்ர சும்மாடு அவரின்ர தலையிலதான் இருந்தது."

"பெட்டியில இருந்தது என்ன நிறம்?"

"பச்சை, அக்கா. அண்ணன்ரயைப் போலதான்."

அம்மா குசினி வாசலில் குந்திவிட்டார். "ரெண்டுதான் தைச்சனான். ஒண்டு இவரின்ர தலையில எண்டா மற்றது ஆரின்ர?" என்றார். பதிலையும் அவரே சொன்னார். "நானா வைச்சிட்டுப் பள்ளிக்குப் போட்டார். தெரிஞ்சுதான் போயிருக்கிறார்." வந்தவர் தலையை ஆட்டினார். அந்த நாட்களில் எங்கள் இரண்டு சனத்துக்கும் இடையில் ஒருவரை ஒருவர் சந்தேகிக்க அவ்வளவு போதுமாக இருந்தது. நான் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் நின்றேன். வாயைத் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். அப்போது அம்மா சொன்னார், "வைச்ச ஆளையெல்லோ அவங்கள் பிடிச்சுக்கொண்டு போயிருக்கவேணும்." என் வாய் மூடிக்கொண்டது.

பொழுது படுமுன் கிண்ணியா மாமா வந்தார். சைக்கிளைப் படலைக் கதவில் சாத்தக்கூட இல்லை, ஒரு கையால் பிடித்தபடி நின்றார். மற்றக் கையில் பச்சையாக ஏதோ இருந்தது.

"தங்கச்சி, கொஞ்சம் இதப் பாருங்க..."

"ஒண்டும் காட்டவேண்டாம். நீங்கள் வைச்ச சும்மாட்டுக்கு இவர் உள்ளுக்குப் போட்டார். என்ர கையால தைச்சுத் தந்ததுக்கு நல்ல கைம்மாறு. இனி இந்தப் படலைக்கு வராதேங்கோ!"

நான் அம்மாவின் பின்னால் நின்றேன். மாமா என்னைப் பார்த்தார். கனநேரம் பார்த்த மாதிரி எனக்கு இருந்தது. பிறகு கையில் இருந்த துணியை மடித்துச் சாரத்து மடிப்பில் செருகினார். "சரி, தங்கச்சி" என்றார். சைக்கிளில் ஏறாமல் உருட்டிக்கொண்டே போனார். அவர் மறுத்துப் பேசவில்லை என்றால் பிழை அவரில் இருக்கத்தான் வேண்டும், பெட்டிக்குள் பற்றரி வைத்தது ஒருவேளை அவர்தானோ என்று பத்து வயது மூளைக்கு ஒரு கணக்கு வந்தது. எனக்கு வசதியான கணக்கு. வளர்ந்த பிறகுதான் யோசித்தேன், தன்னிடம் இருந்த சும்மாட்டைக் காட்டத்தானே அந்த மனிதர் வந்தார் என்று.

அப்பா இல்லாத இருபது சொச்ச நாளும் நான் ஓரிடத்தில் இருந்ததாக ஞாபகம் இல்லை. அம்மா குடும்ப அட்டையை எடுத்துக்கொண்டு முகாம் முகாமாக அலைவார். நான் வளவைச் சுற்றிச் சுற்றி நடப்பேன். கிணற்றடியிலிருந்து படலை, படலையிலிருந்து கிணற்றடி. சட்டைக் கழுத்தைக் கடித்துக் கடித்து நூலாக்கினேன். நாளைக்குச் சொல்லுவன், நாளைக்குச் சொல்லுவன் என்று ஒவ்வொரு நாளும் எனக்கே சொல்லிக்கொண்டேன். சொன்னால் அப்பாவை விட்டுவிட்டு என்னைப் பிடிப்பார்கள் என்று நம்பினேன். அப்பா வரவேண்டும், நானும் போகக்கூடாது. இரண்டும் வேண்டும் என்றால் வாயை மூடிக்கொள்ளத்தான் வேண்டும்.

அப்பா வந்தார். கன்னம் ஒட்டி, இடது கை தோளுக்கு மேல் எழும்பாமல். இனிச் சுமை காவ ஏலாது என்று பார்த்தவுடனே தெரிந்தது. அம்மா சோறு போட்டுக் கொடுத்துவிட்டு, நானாவைப் படலையோடு துரத்திய கதையைச் சொன்னார். அப்பாவின் கை சோற்றில் நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். "சரி, விடு" என்று சொல்லிவிட்டு மிச்சச் சோற்றைச் சாப்பிட்டார்.

அவர் விட்டுவிட்டார், துறையடி விடவில்லை. கூட்டாளியைப் பிடித்துக் கொடுத்துவிட்டுத் தப்பினவர் என்று கிண்ணியா மாமாவுக்குப் பேர் வந்தது. அவரோடு சோடி சேர ஒருவரும் வரவில்லை. அவர் சும்மாடு வைத்த சாமானை அவர் தனியேதான் காவினார். கொஞ்ச நாளில் வருவதையே நிறுத்திவிட்டார். அப்பா ஒரு நெல் ஆலைக்குக் காவற்காரராகப் போனார். அவரும் நானாவைத் தேடிப் போகவில்லை.

போன வருடத்துக்கு முந்தின வருடம் அப்பா படுக்கையில் விழுந்தார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். ஒருநாள் முதுகு துடைத்துவிட்டுக்கொண்டு நிற்கும்போது, முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டேன். "அப்பா, அந்தப் பெட்டியில சும்மாடு வைச்சது நான்."

"தெரியும்" என்றார்.

"எப்ப இருந்து?"

"பெட்டியைக் கண்டவுடன. தைக்காமல் முடிச்சுப் போட்ட சும்மாடு வேற ஆரின்ர? நீ ஒரு சாமான் பிடிச்சுத் தந்திட்டாய் எண்டு எனக்கு ஒரே சிரிப்பு. சிரிச்சுக்கொண்டுதான் காவினனான்."

ஈரத் துணியை வாளிக்குள் போட்டேன். "அப்ப மாமாவிட்ட ஏன் போய்ச் சொல்லேல்ல?"

"சொன்னால் அவன் உன்ர அம்மாவிட்ட வந்து கதைப்பான். ஒண்டு ரெண்டாகி உன்ர பேர் வெளியில போயிருக்கும். பொம்பிளைப் பிள்ளையை விசாரணைக்கு வா எண்டு கூப்பிட்டாங்களெண்டா?" கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "அவன் தாங்குவான் எண்டு நினைச்சன். கொஞ்ச நாளைக்குத்தானே எண்டு. பிறகு போக முகமில்லை."

அப்பா மேல் எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதத்தான் வேண்டும். என்னைக் காப்பாற்றினாரே என்று அழவில்லை. இவ்வளவு காலமும் நான் தனியே வைத்துப் புழுங்கியதை அவரும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தாரே என்றுதான் கொதித்தது. பிறகு அவரும் போய்விட்டார். கோபத்தை யாரிடம் காட்டுவது?

அப்பாவின் முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்ததும் கிண்ணியாவுக்குப் போனேன். இப்போது பாலம் இருக்கிறது, பஸ்ஸில் போய்விடலாம். முழுவதையும் சொல்லிவிடுவது என்று முடிவோடு போனேன். என் பிழை, அப்பாவின் பிழை, இரண்டையும். கேட்டு விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். மாமா முற்றத்தில் கதிரை போட்டு இருந்தார். ஒரு கண் வெள்ளை விழுந்திருந்தது. யாரென்று சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். மகள் தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

"உங்கட வாப்பா மௌத்தான கத இப்பத்தான் போன கிழம காதுல விழுந்திச்சி, மகள். கால் ஏலா, இல்லாட்டி வந்திருப்பன்."

நான் தேநீரைத் தொடாமல் ஒரே மூச்சில் சொன்னேன். "மாமா, அந்தச் சும்மாட்டை வைச்சது நான். நீங்கள் இல்லை. நான்."

அவர் சிரித்தார். பல் ஒன்றும் இல்லை. "எனக்குத் தெரியாதா? என்ட சும்மாடு என்ட கையில இருந்திச்சி. வாப்பாட சும்மாடு அவர்ர தலையில. மூணாவது நாட்டாம நீங்கதானே? அண்டைக்கு உங்க உம்மாட்ட என்டதக் காட்டத்தான் வந்தன். உங்கட முகத்தப் பாத்தன். காட்டினா அடுத்த கேள்வி உங்களத்தான் கேப்பாங்க. மடிச்சி வெச்சிட்டன்."

"எல்லாரும் உங்களை ஏசினவை, மாமா. நீங்கள் அப்பாவுக்காவது..."

"அவருக்கு எப்பிடிச் செல்ற? புள்ள வெச்ச சும்மாட்டுக்குத்தான் உள்ள போய் அடிபட்டு வந்தன் எண்டு தெரிஞ்சா மனுசன் புள்ளய நிமிந்து பாப்பாரா? தெரியாமயே இருக்கட்டும் எண்டு உட்டுட்டன்." என் கையில் தட்டினார். "எனக்கு அவர்ல ஒரு கோவமும் இல்ல, மகள். ஊரு என்ன செல்லியும் அவர் என்னய ஏசின எண்டு ஒருத்தனும் வந்து செல்லல்ல. அது என்ட சும்மாடு எண்டு நெனச்சித்தான் பழிய ஏத்திருப்பாரு, அவருக்கு விசயம் தெரியா, அவ்வளவுதான். தெரிஞ்சிருந்தா அண்டைக்கே ஓடத்தப் புடிச்சி இஞ்ச ஓடி வந்திருப்பாரு. அந்த மனுசனப் பத்தி எனக்குத் தெரியும்."

அவருடைய நல்ல கண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. சொல்ல வந்ததில் பாதி இன்னும் பாக்கி இருந்தது. அப்பாவுக்கு முதல் நாளே தெரியும் என்று நாலு சொல்லில் சொல்லிவிடலாம். சொன்னால் எனக்கு அன்றைக்கு நல்ல நித்திரை வந்திருக்கும்.

"ஓடி வந்திருப்பார், மாமா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். இன்னும் கொஞ்சம் இரு, சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று மகளும் சொன்னாள். ஐந்து மணி பஸ் போய்விடும் என்று சொல்லி எழும்பிவிட்டேன். அப்போது மணி மூன்று கூட ஆகவில்லை.